அரபுத்தமிழ் ஏட்டை வைத்து முனைவர் பட்டம்: எந்தத் துறையில் சேர்வது?

தோட்டத்து மாணவன், சுங்கை சிப்புட்:
அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். உசூலுத்தீன் (இஸ்லாமிய இறையியல்) துறையில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் பாட்டனாரின் அரபுத்தமிழ் ஏடு, அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதிய ஏடு ஒன்று வீட்டில் இருக்கிறது. பழுப்பேறிய தாளில் கடைக் கணக்கும் மார்க்கக் கேள்வி பதில்களும் ஒரே மையில் கலந்து கிடக்கின்றன. இதை ஆய்வுப் பொருளாக்கலாமா? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய ஆய்வுக் கழகமா, அங்கேயே உள்ள இந்திய ஆய்வியல் துறையா, கோம்பாக்கிலுள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமா என்று முடிவு செய்ய இயலவில்லை.

முன்னாள் ஆய்வு மாணவன்:
வ அலைக்கும் ஸலாம், தம்பி. ஏடு கையில் இருப்பதாலேயே ஆய்வு அமைந்துவிடாது. அதில் இறைமையும் மறுமையும் எவ்வாறு விளக்கப்படுகின்றன என்பது உங்கள் கேள்வியானால் அது அகீதாவை, அதாவது நம்பிக்கைக் கோட்பாட்டைச் சேர்ந்தது, உசூலுத்தீன் துறைக்கே செல்லுங்கள். சொல்லும் எழுத்தும்தான் உங்களை ஈர்க்கின்றன என்றால் இந்திய ஆய்வியல் பொருந்தும். கோம்பாக்கில் ஆங்கிலமும் அரபும் பயிற்றுமொழிகள் என்பதால் தமிழ் மேற்கோள் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தே தர வேண்டும். நான் அந்த வேலையைக் கடைசிவரை தள்ளிப்போட்டு ஓர் ஆண்டைத் தொலைத்தேன். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேட்டுப் பெறுங்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை:
ஒரே ஏடு மூன்றாண்டு ஆய்வைத் தாங்காது, தம்பி. ஒப்பிட ஒரு நூல் வேண்டும். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகளாரிடம் கேள்விகள் கேட்டு, விடைகளில் மனம் நிறைந்து இஸ்லாத்தைத் தழுவும் கதையைக் கூறுகிறது. அதே கதை மலாயில் 'செரிபு மசாலா'. தமிழ், மலாய், ஜாவானிய வடிவங்களை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011-இலேயே நூல் வெளியிட்டுவிட்டார். ஆகவே அதைத் திரும்பச் சொல்லாமல், அந்தக் கேள்வி பதில் மரபு தோட்டப்புறக் கடைக்காரர் ஒருவரின் கையில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அரபு ஐன் எழுத்தின் மேல் மூன்று புள்ளியிட்டு 'ங' ஒலியைக் காட்டும் ஜாவி, அதாவது மலாயை எழுதும் அரபு எழுத்து, உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அரபுத்தமிழும் அப்படிக் குறி கூட்டிய எழுத்துதான், ஆனால் ழ, ள, ண மூன்றையும் தனியே பழக வேண்டும்.

தோட்டத்து மாணவன்:
நன்றி, டீச்சர், நன்றி, அண்ணன். நேற்றிரவு முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அரிசிக் கடன் பாக்கி என்று இத்தனை நாள் நான் ஒதுக்கி வைத்திருந்த வரி, ஒளுவின் (தொழுகைக்கு முன் செய்யும் தூய்மையின்) பர்ளுகள் (கட்டாயக் கடமைகள்) எத்தனை என்ற கேள்வியாக இருந்தது.