பழைய ட்ரை ராக்கை ஆசிட்டில் முக்கலாமா, வேண்டாமா?

நெய்தல் (சென்னை):
வணக்கம். பத்து வருடம் நன்னீர் மீன் வளர்த்துவிட்டு இப்போதுதான் உப்புத்தண்ணீர்ப் பக்கம் வருகிறேன். 200 லிட்டர் தொட்டி, ஸ்டாண்டு எல்லாம் தயார். ட்ரை ராக்கில்தான், அதாவது தொட்டிக்குள் அடுக்கும் உயிரற்ற காய்ந்த கல்லில்தான் குழப்பம். மொத்தம் 18 கிலோ இருக்கிறது. அதில் 10 கிலோ புதியது. சிமெண்டும் பவள மணல் போன்ற வெள்ளை மணலும் சேர்த்து வார்த்து, ஊதா நிறம் பூசியது. மிச்சம் 8 கிலோவைத் தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் வாங்கினேன். இரண்டு வருடம் மொட்டை மாடியில் சாக்குப் பையில் கிடந்ததாம். காய்ந்த பாசியும் புழுக்கூடுகளும் ஒட்டியிருக்கின்றன. நனைத்தால் கருவாட்டு வாடை. ஒரு கடைக்காரர், "ஆசிட்டில் முக்கி எடுங்க, வேற வழியே இல்ல" என்கிறார். இன்னொருவர் கழுவி நேராகத் தொட்டியில் வைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

ஆழி:
ஆசிட் சொன்னவர் பக்கம் நான். அந்த 8 கிலோவைச் சும்மா கழுவி வைத்தால் ஒரு வருடம் முடிப்பாசியோடு மல்லுக்கட்டுவீர்கள். காரணம் பாஸ்பேட். ஓடிய தொட்டியில் போட்ட தீனி, மீன் கழிவு எல்லாவற்றிலிருந்தும் வந்த பாஸ்பேட் சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறையும்போது கல் அதைத் திரும்ப விடும். நீங்கள் தண்ணீர் மாற்ற மாற்ற அது விட்டுக்கொண்டே இருக்கும்.

என் வழக்கம் இது. முதலில் ப்ளீச்: எட்டுப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, 24 மணி நேரம். செத்த பஞ்சுயிரி, புழு எல்லாம் கரைந்துவிடும். அப்புறம் நன்றாகக் கழுவி, ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டு குளோரினை எடுத்து, நல்ல வெயிலில் காய வைப்பேன். அதன் பிறகுதான் ஆசிட். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பொங்குவது அடங்கியதும் எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் முடிந்தது. மேல் தோல் கரைவதோடு பாஸ்பேட்டும் போய்விடும்.

கரையோரம்:
ஆழி அண்ணா, ப்ளீச் வரைக்கும் உங்களோடு வருகிறேன். ஆசிட்டில் எனக்குச் சம்மதமில்லை.

முதல் காரணம் பத்திரம். ப்ளீச் மிச்சமிருக்கும் கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். நீங்கள் சரியாகக் கழுவுவீர்கள். முதன்முறை செய்கிறவர், துளைகள் நிறைந்த கல்லின் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? அடுக்குமாடி பால்கனியில், பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரமாக வைத்து இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிட் புகை ஒரு தடவை சுவாசத்தில் ஏறினால் மார்பு எரியும். ஏசி வெளிப்பெட்டி, கிரில் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும்.

இரண்டாவது, ஆசிட் எதைத் தின்கிறது என்று கணக்குப் போடுங்கள். 30 சதவீத ஆசிட் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட அரைக் கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். அந்த அரைக் கிலோ வெளிப்புறத்து நுண்துளைகளிலிருந்துதான் போகிறது. மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற வேண்டிய இடமே அதுதான். கல்லின் ஆழத்தில் ஊறிய பாஸ்பேட் அப்படியே நிற்கும், பிறகு வெளியே வரும்.

மூன்றாவது நான் பட்டது. முதல் தொட்டிக்கு இதேபோல ஆசிட் போட்டு, பாஸ்பேட் உறிஞ்சியும் வைத்து, டெஸ்ட்டில் பூஜ்யம் காட்டியதும் சந்தோஷப்பட்டேன். ஐந்தாவது வாரம் கல் முழுக்கப் பழுப்புச் சளி, நுனியில் காற்றுக் குமிழி. டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். நான்கு மாதம் விடவில்லை. நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பழைய உயிர் எதுவும் இல்லாத கல், நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் டைனோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆழி:
டைனோ வந்ததற்கு ஆசிட் மேல் பழி போடாதீர்கள். உறிஞ்சியை வைத்து இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனதுதான் காரணம். ஆசிட் போட்ட கல்லை வைத்துக்கொண்டு பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை நிறுத்தியிருந்தால் கதை வேறு.

அரைக் கிலோ கணக்கு சரிதான். ஆனால் 8 கிலோவில் அரைக் கிலோ என்றால் ஆறு சதவீதம். பாஸ்பேட் அதிகம் தங்குவது வெளித் தோலில், நான் கழிப்பதும் அதைத்தான். நீங்கள் இழப்பு என்று சொல்வதற்காகத்தான் நான் ஆசிட்டே போடுகிறேன். துளை அடைபடாது, இன்னும் திறந்துகொள்ளும்.

பத்திரம் பற்றிச் சொன்னது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். திறந்த மொட்டை மாடி, கையுறை, கண்ணாடி, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும், குழந்தைகள் மாடிக்கு வரவே கூடாது. இத்தனையும் முடியாது என்றால் செய்ய வேண்டாம்.

கரையோரம்:
"முடியாது என்றால் செய்ய வேண்டாம்" என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம் அண்ணா. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பிளாட்டில் இருப்பவர்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. அவரிடம் இருக்கும் 10 கிலோ சிமெண்டில் வார்த்தது. அதை ஆசிட்டில் போட்டால் கல்லைப் பிடித்து வைத்திருக்கும் சிமெண்டே இளகும், ஊதாவும் உரிந்துவிடும். அந்தக் கல்லுக்குப் பிரச்சினை பாஸ்பேட் இல்லை, சுண்ணாம்புக் காரம். சாதாரணத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, பிஎச் இறங்கி ஒரே இடத்தில் நிற்கும் வரை விட வேண்டும். வாரக்கணக்கில்கூட ஆகலாம்.

ஆழி:
செயற்கைக் கல் விஷயத்தில் கரையோரம் சொல்வதே சரி. நான் பழைய கல்லை மட்டும் மனதில் வைத்துப் பேசினேன். நெய்தல், அந்த 10 கிலோவை ஆசிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மண்டபத்தான்:
ஆசிட்டா இல்லையா என்று பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த 8 கிலோ என்ன கல்? வெயிலில் வைத்து உற்றுப் பாருங்கள். மேலே சின்னச் சின்னப் பூப்போல, நட்சத்திரம்போலக் குழிகள் இருந்தால், இல்லை மான்கொம்பு போலக் கிளைத்திருந்தால், அது பவளத்தின் எலும்புக்கூடு. கடினப் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. உயிரோடிருந்தாலும் செத்ததானாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம்தான்.

எங்கள் கடலோரத்தில் இதைச் சும்மா சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் பவளத்தைச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் பல பத்தாண்டு வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் சுவரை எடுத்துவிட்டால் தீவு எப்படி நிற்கும்? 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கியும், மீன் தொட்டிக்கு என்று இன்னும் துண்டு துண்டாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் பொழுதுபோக்குக்குக் கடல் விலை கொடுக்கக் கூடாது என்பது எனக்கு முக்கியம். ஆசிட்டில் போட்டால் அந்தக் குழிகள் மழுங்கிவிடும், பிறகு என்ன கல் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் பாருங்கள்.

நெய்தல்:
பார்த்தேன். ஐந்து துண்டு, சல்லடைபோலத் துளைகள் உள்ள சாதாரணச் சுண்ணாம்புக் கல் மாதிரிதான் தெரிகிறது. மீதி இரண்டு துண்டில் நீங்கள் சொன்ன நட்சத்திரக் குழி தெளிவாக இருக்கிறது. கையில் வைத்திருக்கவே கூசுகிறது. அந்த இரண்டையும் தனியாகக் கட்டி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். ஐந்தும் படம் எடுத்து மண்டபத்தானுக்கு அனுப்புகிறேன், அவர் சரி என்றால்தான் தொட்டிக்கு.

மண்டபத்தான்:
படம் பார்த்தேன். ஐந்திலும் பவள அமைப்பு எனக்குத் தெரியவில்லை. போகும்போது அந்த ஐந்தையும் கூடவே எடுத்துப்போய் அவர்களிடமும் காட்டிவிடுங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி நண்பரே.

கரையோரம்:
அவர்கள் சரி என்றால் மிச்சம் ஐந்து கிலோ இருக்கும், இல்லையா? அதற்கு இத்தனை சண்டை தேவையில்லை, அளந்து பார்க்கலாம். ப்ளீச் முடித்துக் காய வைத்த கல்லை ஒரு வாளி உப்புத்தண்ணீரில் ஒரு வாரம் போடுங்கள், உள்ளே தண்ணீரைச் சுழற்றும் சின்ன பவர்ஹெட் பம்ப் ஓடட்டும். ஆர்ஓ தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் கல் விட்டதா, தண்ணீரில் முன்பே இருந்ததா என்று தெரியாது. வாரக் கடைசியில் பாஸ்பேட் பாருங்கள்.

நெய்தல் (இரண்டு வாரம் கழித்து):
வனத்துறையில் இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள், மற்ற ஐந்தும் பவளமில்லை என்றார்கள். பழைய கல் வாளியில் 0.9 பிபிஎம். கல் போடாமல் பக்கத்தில் வைத்த உப்புத்தண்ணீரில் 0.02.

ஆழி:
0.9! இதற்குத்தான் சொன்னேன்.

கரையோரம்:
அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆசிட் வேண்டாம். லாந்தனம் குளோரைடு இருக்கிறது. பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத பொடியாக இறங்கிவிடும். மீன் இருக்கும் தொட்டியில் அந்தப் பொடி செவுளுக்கு ஆபத்து. நீங்கள் கல்லை உப்புத்தண்ணீர் நிரப்பிய ஒரு டிரம்முக்கு மாற்றிவிடுங்கள். வெறும் டிரம், மீனே இல்லை, தைரியமாகப் போடலாம். கல் திரும்ப விட விட, வாரம் ஒருமுறை அளந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். டிரம்மை மூடி இருட்டாக வையுங்கள், பாசி வராது. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை. ஆவியாகும் தண்ணீருக்கு மட்டும் வெறும் ஆர்ஓ ஊற்றி உப்பை 1.025 ஒப்படர்த்தியில் நிறுத்துங்கள்.

ஆழி:
ஆசிட்டில் ஒரு மதியம் ஆகும் வேலைக்கு இவர் இரண்டு மாதம் கேட்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் டிரம்மிலேயே பாக்டீரியாவும் வளர்ந்துவிடும் என்பது உண்மை. அம்மோனியம் குளோரைடு போட்டு 2 பிபிஎம் அம்மோனியாவில் சைக்கிளையும், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பதையும், அங்கேயே தொடங்குங்கள். லாந்தனம் விடும்போது 5 மைக்ரான் பை வைத்து வடிகட்ட மறக்க வேண்டாம், பொடி கல்லின் துளைக்குள் உட்கார்ந்துவிடும். எனக்கு மாடி இருக்கிறது, அடுத்த தடவையும் ஆசிட்தான் போடுவேன்.

நெய்தல் (ஒன்பதாவது வாரம்):
டிரம்மில் பாஸ்பேட் 0.08, இரண்டு வாரமாக ஏறவில்லை. செயற்கைக் கல்லும் பிஎச் நின்ற பிறகு அதே டிரம்முக்கு வந்துவிட்டது. நேற்று இரவு போட்ட 2 பிபிஎம் அம்மோனியா இன்று இரவு பூஜ்யம். கல்லை நாளை தொட்டிக்கு மாற்றலாமா?

கரையோரம்:
நைட்ரைட்டும் பூஜ்யமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூஜ்யம் என்றால் மாற்றலாம். டிரம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், புதிதாகக் கலந்த தண்ணீர் போதும். கல்லை மட்டும் காயவிடாமல் மாற்றுங்கள். இரண்டாவது வாரம் மணலும் கல்லும் பழுப்பாகும், அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போகும். விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள்.

ஆழி:
முதலில் ஒரு ஜோடி க்ளவுன் மீன் மட்டும் விடுங்கள். தீனியைக் குறைக்க வேண்டாம், நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டாம். பழுப்பில் குமிழி தெரிந்தால் உடனே இங்கே எழுதுங்கள்.