எங்கள் குடும்பக் குழுவில் மெக்னரி

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். யாழினி நாளைக் காலை வகுப்பில் சார்லஸ் மெக்னரியைப் பற்றி 3 நிமிடம் பேச வேண்டும். 1940இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்கு நின்று தோற்றவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பெரியப்பா, நீங்கள்தான் உதவ வேண்டும்.

ராஜி அத்தை: அவர் எந்த ஊர்க்காரர்?

பெரியப்பா: சேலத்துக்காரர், ராஜி, கவிதா இருக்கும் ஓரிகன் மாநிலத்துச் சேலம். அதை ஒட்டிய பண்ணையில் 1874இல் பிறந்து, வக்கீலாகி, 1913இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே அந்தப் பதவிக்கான குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அந்த ஒரு வாக்கின் அருமை எனக்குத் தெரியும்.

செல்வம் மாமா: அத்தான், அன்றைக்குப் பேருந்து வழியில் நின்றுவிட்டது என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறேன்!

பெரியம்மா: சங்கத் தேர்தலை விட்டுவிட்டுக் குழந்தைக்கு வேண்டியதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: 1917இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குள் நுழைந்த மெக்னரி, 1933 முதல் அங்கே எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்த தம் கட்சியின் தலைவராக இருந்தார். விளைச்சல் மிகுந்து விலை விழுந்த காலத்தில், உபரித் தானியத்தை அரசே கொள்முதல் செய்து வெளிநாட்டில் கிடைத்த விலைக்கு விற்க வேண்டும், அந்த நட்டத்தை விவசாயிகளிடம் கட்டணமாகத் திரட்டி ஈடுகட்ட வேண்டும் என்று கீழவை உறுப்பினர் ஹாகனுடன் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியும், 1927இலும் 1928இலும் அதிபர் கூலிட்ஜ், அதுவும் இவருடைய கட்சிக்காரரே, கையெழுத்திட மறுத்துவிட்டார்.

செல்வம் மாமா: சொந்தக்காரன் காலை வாருவது எல்லா ஊரிலும் உண்டு போலும்.

பெரியப்பா: அதை நீ சொல்கிறாயே, மாப்பிள்ளை! 1940இல் நடந்தது இன்னும் வேடிக்கை. இவருடன் நின்ற அதிபர் வேட்பாளர் வில்கி தனியார் மின் நிறுவனத் தலைவராக இருந்து, அரசு மின் திட்டத்தை எதிர்த்துப் போராடியவர். மெக்னரியோ கொலம்பியா ஆற்றில் அரசு அணைகள் எழும்ப உழைத்தவர். எதிரணித் துணை அதிபர் வேட்பாளர் வாலஸ், முன்பு மெக்னரியின் அந்த மசோதாவையே ஆதரித்தவர்.

ராஜி அத்தை: ஜாதகம் பார்க்காமல் முடித்த சம்பந்தம்.

பெரியப்பா: அதிபரை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகள் எதிரணி அதிபர் வேட்பாளர் ரூஸ்வெல்ட்டுக்கு 449, இவர்களுக்கு 82. ஓரிகன்கூடக் கைவிட்டது. பிறகு 1944 பிப்ரவரியில் மெக்னரியும் அக்டோபரில் வில்கியும் இறந்தார்கள். வென்றிருந்தால் பதவிக் காலம் முடியும் முன்பே இருவருமே போயிருப்பார்கள்.

செல்வம் மாமா: பேச்சை இதில் முடித்தால் வகுப்பே வாயடைத்துப் போகும்.

கவிதா: சிறு பிள்ளை சாவில் முடிக்க வேண்டாம், மாமா. அவர் பெயரில் ஓர் அணை இருக்கிறதே, அதில் முடிக்கலாமா?

பெரியப்பா: ஓரிகனில் யுமாட்டிலா என்ற ஊர் அருகே உள்ளது, 1954இல் அதிபர் ஐசனோவர் அர்ப்பணித்தார். எதில் முடித்தாலும் ஒரு வாக்குக் கதையை விடாதே.

செல்வம் மாமா: அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

கவிதா: அவள் தூங்கிவிட்டாள். காலையில் கேட்டுப் பார்க்கிறேன்.

ராஜி அத்தை: அந்தச் சேலத்தில் மாம்பழம் கிடைக்குமா?

பெரியப்பா: மெக்னரியின் தோட்டத்தில் ஹேசல் கொட்டைதான், ராஜி.

ராஜி அத்தை: அப்படியானால் கவிதா வரும்போது இரண்டு கிலோ கொண்டு வரட்டும்.