அப்பாவின் மொறிஸ் மைனரில் டக் டக் சத்தம், எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

அக்கராயன்குளத்தான்
எல்லோருக்கும் வணக்கம். மொறிஸ் மைனர் 1000, 948 சீசீ எஞ்சின். 2016இல் அப்பா காலமான பிறகு யாரும் எடுக்கவில்லை, கொட்டிலுக்குள்ளேயே நின்றது. போன மாதம் பழைய பெற்றோலை வடித்து, ஒயில் மாற்றி, நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு கரண்டி ஒயில் விட்டு மூன்று நாள் ஊறவிட்டுத்தான் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றினேன். இறுகாமல் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் ஆனபோது அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்துவிட்டா. ஆனால் கூடவே ஒரு டக் டக் சத்தம். ஒயில் லைட் உடனே அணைகிறது. சூடானாலும் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் இது மண்ணெண்ணெயில் ஓடிய கார். சேலைன் போத்தலில் இருந்து பெற்றோல் சொட்டவிட்டு அப்பா ஸ்டார்ட் பண்ணுவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைச் சொன்னதும் இங்கே ஒரு கராஜில், பிக் என்ட் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பெயரிங்) போய்விட்டது, எஞ்சினை இறக்கி கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் பெரிய தண்டு) கடைய வேண்டும் என்றார்கள். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை. இறக்காமல் உறுதிப்படுத்த வழி இருக்கிறதா?

பரந்தன் சந்தி
தம்பி, இறக்க விடாதேங்கோ. முதலில் சத்தத்தின் வேகத்தைக் கவனியுங்கோ. ஐடிலில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் கிராங்க் செக்கனுக்கு 10 தரம் சுற்றும், வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்ட் அதில் பாதி, 5 தரம்தான். பிக் என்ட் அடித்தால் கீழே இருந்து கனமாக, எண்ண முடியாத வேகத்தில் வரும், சூடாகி ஒயில் இளக இளகக் கூடும். வால்வுப் பக்கம் என்றால் மேலே இருந்து மெல்லியதாக, எண்ணக்கூடிய மாதிரி இருக்கும். நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திப் பிடித்தால் மேலா கீழா என்று நன்றாகவே தெரியும். ஃபானில் கையும் சாரமும் படாமல் கவனம்.

பிறகு எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றி, வேறொரு பிளக்கை அந்த வயரில் மாட்டி எஞ்சின் உடம்பில் தொடவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. இப்படி நான்கையும் ஒவ்வொன்றாக. ஒரு வயரைக் கழற்றும்போது சத்தம் அடங்கினால் அந்த சிலிண்டரின் பிக் என்ட்டைச் சந்தேகிக்கலாம். எதற்கும் மாறாவிட்டால் மேலேதான் கோளாறு.

மாங்குளம் 58
மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும், பெயரிங் தேயும், அது உண்மை. ஆனால் உங்கள் அப்பா 2016 வரை ஓட்டியிருக்கிறார் அல்லவா? பிக் என்ட் போன எஞ்சின் அப்படி ஓடாது. நிறுத்தி வைத்ததால் வந்த கோளாறாகத்தான் இருக்கும். ஃபான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், டைனமோவும் வாட்டர் பம்பும் கூட இப்படிச் சத்தம் போடும்.

அக்கராயன்குளத்தான்
பெல்ட் இல்லாமலும் அதே சத்தம். ஸ்க்ரூட்ரைவரில் மேலேதான் பலமாகக் கேட்கிறது. வயர் கழற்றியதில் சத்தம் எதற்குமே மாறவில்லை. ஆனால் 1, 2, 4 கழற்றும்போது எஞ்சின் தள்ளாடுகிறது, 3ஐக் கழற்றினால் ஒரு வித்தியாசமும் இல்லை!

பரந்தன் சந்தி
அப்படியென்றால் மூன்றாம் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. நின்ற காலத்தில் அதன் வால்வு ஒன்று கைடுக்குள் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) இறுகியிருக்கும். முழுதாக மூடாததால் கம்பிரெஷன் இல்லை, வால்வை அமுக்கும் ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் இடைவெளி கூடி அடிக்கிறது. மேல் மூடியைத் திறந்து 5ஆம், 6ஆம் வால்வுகளைப் பாருங்கோ, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். கீழே இருந்து ரொக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ரொட்டும் வளைந்திருக்கலாம்.

ரொக்கர் ஷாஃப்டை மட்டும் கழற்றாதேங்கோ, அதைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை, பிறகு கேஸ்கட் பிரச்சினை வரும். 5ஆம் வால்வு என்றால் அட்ஜஸ்ட் ஸ்குரூவை முழுதாகத் தளர்த்தி, ரொக்கரை ஸ்பிரிங் பக்கம் தள்ளிப் பிடித்தாலே புஷ் ரொட் மேலே வரும். கவனமாக உருவுங்கோ, கீழே அதைத் தாங்கும் டப்பட் ஒட்டிக்கொண்டு கூட வரும்.

அக்கராயன்குளத்தான்
அண்ணை, 5ஆவதுதான்! வால்வின் தண்டில் பழுப்பாகப் பிசின் மாதிரிப் பிடித்திருந்தது. மூன்றாம் பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டத் தட்ட இப்போது தானாக மேலே வருகிறது. புஷ் ரொட்டைக் கண்ணாடி மேசையில் உருட்டினேன், நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு வளைவு. மற்ற ஏழும் நேராக உருள்கின்றன.

வவுனியா பழசு
என்னிடம் கழித்த 948 எஞ்சின் ஒன்றின் புஷ் ரொட்டுகள் எட்டும் இருக்கின்றன. உங்களுடையதில் நேரான ஒன்றைக் கொண்டுவந்து நீளம் பார்த்து எடுங்கள், காசு வேண்டாம். இடைவெளி வைக்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12. வால்வு எண்கள் இரண்டைக் கூட்டினால் 9 வரவேண்டும் என்பது கணக்கு: 4ஆம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது 5ஐச் சரிபாருங்கள், 1 திறந்திருக்கும்போது 8ஐ.

அக்கராயன்குளத்தான்
சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அம்மாவும் கூட வருகிறாவாம்.