பாரிஸ், லியோன், சான் செபாஸ்டியன், மாட்ரிட், லிஸ்பன்: ஒரே ஒரு பெரிய விருந்தை எந்த ஊரில் வைத்துக்கொள்வது?

நடைவண்டி எழுதியது:

அக்டோபரில் நானும் மனைவியும் ஐரோப்பா போகிறோம். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது, அதற்காகத்தான் இந்தப் பயணம். புதன்கிழமை பாரிஸில் இறங்குகிறோம். வியாழன், வெள்ளி அங்கே, சனி ஞாயிறு லியோன், அப்புறம் சான் செபாஸ்டியன், மாட்ரிட், கடைசியாக லிஸ்பன். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் போயிருந்தோம். பார்த்த தேவாலயங்களும் ஓவியங்களும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன, சாப்பிட்டதில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கால் ஓயும்வரை சுற்றிவிட்டுப் பசி தாங்காத நேரத்தில், சதுக்கத்தை ஒட்டி எது திறந்திருக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடுவோம், வாசலில் படம் போட்ட அட்டை, ஏழு மொழியில் மெனு, இருபது நிமிஷத்தில் தட்டு வரும், இருபது நிமிஷத்தில் பில் வரும். இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

ஒரு வேளைக்கு மட்டும் இருவருக்கும் சேர்த்து 300 யூரோ வரை ஒதுக்கியிருக்கிறோம். மற்ற வேளைகளில் ஆளுக்கு 25 யூரோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேளையை எந்த ஊரில் வைக்கலாம்? நான் எதையும் சாப்பிடுவேன். மனைவி இறைச்சியும் மீனும் தொடமாட்டார், முட்டை, பால், சீஸ் எல்லாம் சரி. அவர் சாலட்டைக் கொறித்துக்கொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விருந்து எனக்கு வேண்டாம்.

ரோன்கரை எழுதியது:

தம்பி, நான் லியோனில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், அதனால் என் பதிலில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், பிரான்ஸில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை. ஒன்றரைக்குப் பிறகு போனாலே பல இடங்களில் முகம் மாறும், இரண்டரைக்கு அடுப்பை அணைத்திருப்பார்கள், மறுபடி ஏழு அல்லது ஏழரைக்குத்தான் மூட்டுவார்கள். மூன்று மணிக்குப் பசியோடு தெருவில் நிற்பவருக்கு, நாள் முழுக்க ஓடுகிற சதுக்கத்துக் கடைகள்தான் மிஞ்சும். ரோமில் உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். காலையில் ஓர் இடம், மதியம் உட்கார்ந்து சாப்பாடு, மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு என்று நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பெரிய சாப்பாட்டை மதியத்தில் வையுங்கள். மிஷலின் என்ற உணவக வழிகாட்டி நூலின் நட்சத்திரம் வாங்கிய உணவகங்கள் பலவற்றில் வேலைநாள் மதியத்துக்கென்று தனி மெனு உண்டு. அதே சமையலறை, அதே கைகள், விலை மட்டும் இரவைவிட வெகுவாகக் குறைவு. சாதாரணக் கடைகளிலும் அப்படித்தான், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும் அன்றைய தட்டை மதியத்தில் கேட்டால் உங்கள் 25 யூரோவுக்குள் நன்றாகவே சாப்பிடலாம். பிரெஞ்சில் 'மெனு' என்றால் குறிப்பிட்ட விலைக்கு இத்தனை தட்டு என்று கட்டிவைத்த சாப்பாடு. நாம் மெனு என்று சொல்லும் பட்டியல் வேண்டுமானால் 'கார்த்' என்று கேட்க வேண்டும். தண்ணீருக்கு 'ஊன் கராஃப் தோ' என்றால் குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும், ரொட்டிக்கும் பணம் இல்லை, சர்வீஸ் விலையிலேயே சேர்ந்திருக்கும்.

விருந்துக்கு என் சொந்த யோசனை, லியோனில் ரூ ருவாயால் தெருவில் இருக்கும் லா மேர் பிராசியே. இந்த ஊரில் வசதியான வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள், பிறகு தாங்களே கடை வைத்தார்கள். அவர்களை 'மேர்', அதாவது அம்மா என்றுதான் ஊரே கூப்பிட்டது. அவர்களில் ஒருவர்தான் யூஜெனி பிராசியே. 1921இல் இந்தக் கடையைத் திறந்தார், ஊருக்கு வெளியே மலைமேல் இன்னொன்றும் நடத்தினார், 1933இல் இரண்டுக்கும் மும்மூன்று மிஷலின் நட்சத்திரம், ஆக ஆறு. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் போல் பொக்யூஸ் இளைஞனாக வேலை கற்றது அந்த மலைக்கடையில்தான். 2008 முதல் மாத்தியூ வியான்னே என்ற சமையல்காரர் நடத்துகிறார். பிரெஸ் வட்டாரக் கோழியின் தோலுக்கடியில் ட்ரஃபிள் காளானை மெல்லிய வில்லைகளாகச் சொருகி வேகவைப்பது அந்த அம்மாவின் பழைய கைவேலை, இன்றும் அந்தக் கடையின் அடையாளம் அதுதான். அவர்கள் தளத்தில் மதிய மெனுவையும் விலையையும் பார்த்துவிட்டு, மனைவி என்னென்ன சாப்பிடுவார் என்பதை புக்கிங் செய்யும்போதே எழுதிவிடுங்கள். இந்த மாதிரி இடங்களில் முன்கூட்டிச் சொன்னால் காய்கறியில் ஒரு முழுச் சாப்பாட்டையே யோசித்துச் செய்து தருவார்கள், போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் சாலட்தான் வரும்.

ஒரு சிக்கல். நீங்கள் லியோனுக்கு வருவது சனி ஞாயிறு. இங்கே பெரிய உணவகங்கள் பல வார இறுதியில் மூடிவிடும்.

மூன்றாம்தட்டு எழுதியது:

நண்பரே, நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். பெரிய விருந்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், சான் செபாஸ்டியனில் மட்டும் வைக்காதீர்கள். அந்த ஊரின் சாப்பாடு நின்றுகொண்டு, ஒரு கடையில் ஒரு தட்டு, அடுத்த கடையில் அடுத்த தட்டு என்று நகர்ந்துகொண்டே இருப்பது. மூன்று மணி நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்த மாலை போய்விடும்.

பழைய நகரத்துக்குள் பார்களின் மேசைமேல் பின்ச்சோக்களை, அதாவது ஓரிரு வாயில் முடியும் சின்னத் தின்பண்டங்களை, அடுக்கி வைத்திருப்பார்கள். அவை கண்ணைப் பறிக்கும், ஆனால் நல்லவை பல, கேட்ட பிறகு உள்ளேயிருந்து சூடாக வருபவை. கன்பாரா என்ற சின்ன பாரில் காளான் தட்டு ஒன்று உண்டு, வதக்கிய காட்டுக் காளான்களின் நடுவில் ஒரு முட்டை மஞ்சள் கரு. நீங்கள் போகும் அக்டோபர் காளான் காலம், உங்கள் மனைவிக்காகவே செய்தது போலிருக்கும். பார் நெஸ்தோரில் உருளைக்கிழங்கு தொர்த்தியா, அதாவது தடித்த முட்டை ஆம்லெட், மதியம் ஒன்று, இரவு ஒன்று, அவ்வளவுதான் போடுவார்கள். முன்னாலேயே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, சொன்ன நேரத்தில் வந்து நிற்க வேண்டும், ஒரு துண்டு கிடைக்கும். அவர்களின் தக்காளி சாலட்டில் தக்காளி, எண்ணெய், உப்பு தவிர ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் நான் சாப்பிட்ட தக்காளிகளில் அதுதான் தக்காளி. உங்களுக்கு அங்கேயே மாட்டு விலா வறுவல் இருக்கிறது. கடைசியில் லா வீன்யாவில் சீஸ்கேக், மேல்பக்கம் கருகினாற்போல் இருக்கும், உள்ளே குழைவாக இருக்கும். உலகம் முழுக்க இன்று பாஸ்க் சீஸ்கேக் என்று விற்பது அங்கே பிறந்ததுதான்.

ஹில்தா என்ற பின்ச்சோவை மட்டும் மனைவி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலிவும் ஊறுகாய் மிளகாயும் குச்சியில் குத்தியிருப்பது போல் தெரியும், நடுவில் நெத்திலி மீன் சுருண்டிருக்கும். ஸ்பெயினில் 'இறைச்சி வேண்டாம்' என்றால் சூரை மீனும் பன்றித் தொடைத் துண்டும் போட்டே கொண்டுவருவார்கள், அவை அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேர்வதில்லை. 'சின் ஹாமோன், சின் அத்தூன்' என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும்.

மாட்ரிட்டில் சோப்ரினோ தெ போத்தின் போக ஆசை வரும். 1725இலிருந்து இடைவிடாமல் நடப்பதாகக் கின்னஸ் பதிவு பெற்ற உணவகம், விறகடுப்பில் சுட்ட பால்குட்டிப் பன்றி அதன் பெருமை. நான் போனேன், பிடித்தது, ஆனால் உங்கள் மனைவிக்கு அங்கே வேலையில்லை. அதற்குப் பதில் வேலைநாள் மதியத்தில் 'மெனு தெல் தியா' எழுதியிருக்கும் எந்தத் தெருக்கடையிலும் இரண்டு மணிக்கு நுழையுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, இனிப்பு அல்லது காப்பி, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15 யூரோ. 1960களில் சுற்றுலாப் பயணிகளுக்காக அரசாங்கம் கட்டாயமாக்கிய ஏற்பாடு அது, இன்றைக்கு ஆபீஸ் போகிறவர்கள்தான் அதை நம்பியிருக்கிறார்கள். இரவு ஒன்பதுக்கு முன்னால் அங்கே யாரும் மேசைக்கு வருவதில்லை, ஏழு மணிக்குக் கூட்டமாக இருக்கும் இடம் என்றால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளியூர்தான்.

அலைவாய் எழுதியது:

லிஸ்பனைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும்.

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ், வெண்ணெய் என்று கேட்காமலேயே கொண்டுவந்து வைப்பார்கள். கூவேர் என்று பெயர், இலவசம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் தள்ளி வைத்துவிடுங்கள், கேட்காததற்கும் தொடாததற்கும் பணம் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டுப்பால் சீஸ் நன்றாக இருக்கும், விலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்.

இரண்டாவது மீன். கடலோரத்து ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், சுட்ட மீன் கேட்டோம். பட்டியலில் போட்டிருந்தது ஒரு கிலோவின் விலை, நாங்கள் ஒரு தட்டின் விலை என்று நினைத்துவிட்டோம். சர்வரும் சொல்லவில்லை, வந்த மீன் ஒன்றரைக் கிலோவை நெருங்கியது, பில்லைப் பார்த்த பிறகு அந்த மாலை முழுவதும் என் கணவர் பேசவில்லை. அன்றிலிருந்து மீனைக் காட்டச் சொல்லி, எடை போடச் சொல்லி, தொகையைக் கேட்ட பிறகுதான் அடுப்புக்கு அனுப்புகிறேன். யாரும் தவறாக நினைப்பதில்லை.

கால்தோ வெர்த் என்ற கீரை சூப்பில் கடைசியில் ஒரு துண்டு சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி போடுவார்கள், அதைத் தவிர்க்கச் சொல்லலாம், ஆனால் சூப்போடு சேர்த்தே கொதிக்க வைத்திருந்தால் தவிர்த்தும் பயனில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைவண்டி எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவி இதை மூன்று முறை படித்துவிட்டார், காளான் தட்டு இப்போதே முடிவாகிவிட்டது.

ரோன்கரை அக்கா, உங்களிடம் இரண்டு கேள்வி. போல் பொக்யூஸ் பெயரைச் சொன்னீர்கள், அவருடைய உணவகத்துக்கே போனால் என்ன? அந்த ட்ரஃபிள் சூப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்புறம், பூஷோன் என்று லியோனில் சொல்கிறார்களே, அங்கே மனைவிக்கு ஏதாவது கிடைக்குமா?

ரோன்கரை எழுதியது:

பொக்யூஸ் உணவகம் ஊருக்கு வெளியே, சோன் ஆற்றங்கரையில் கொலோஞ்சில் இருக்கிறது. மாவு மூடி போட்ட அந்த சூப்பை 1975இல் ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தானின் மாளிகை விருந்துக்காகச் செய்தார், இன்றும் பரிமாறுகிறார்கள். 1965 முதல் மூன்று நட்சத்திரம் இருந்தது, அவர் 2018இல் இறந்தார், 2020இல் ஒரு நட்சத்திரம் போயிற்று. அது போனதால் எனக்கு அந்த இடத்தின்மேல் மதிப்பு குறையவில்லை, ஆனால் இருவருக்கு 300 யூரோவில் அங்கே முடியாது, அந்தச் சமையல் வெண்ணெய், ஈரல், கோழி என்று போகும், உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. பிராசியேதான் சரி.

பூஷோன் என்பது சிவப்புக் கட்டம் போட்ட மேசைத்துணியும் நெருக்கமான நாற்காலிகளும் உள்ள பழைய கடை. குடல், ஈரல், பன்றி என்று ஒன்றையும் வீணாக்காத சமையல், நீங்கள் கண்டிப்பாகப் போக வேண்டும். மனைவிக்கு 'செர்வெல் த கனு' சொல்லுங்கள். பட்டு நெசவாளியின் மூளை என்று பொருள், பெயரைக் கேட்டு ஓடிவிட வேண்டாம், அது பூண்டு, வெங்காயத்தாள், மூலிகை சேர்த்துக் கடைந்த, பழுக்க வைக்காத புதுச் சீஸ். கூடவே பாலும் க்ரீமும் ஊற்றிச் சுட்ட உருளைக்கிழங்கு கிராத்தேன், முடிவில் சர்க்கரை பூசிய பாதாமில் செய்யும் சிவப்புப் பிராலின் தார்த் என்ற இனிப்பு. கெனெல் மட்டும் வேண்டாம், மாவு உருண்டை போலத் தெரியும், ஆற்று மீனில் செய்தது. பிரான்ஸ் முழுக்க இன்னொன்றையும் கவனியுங்கள், வெங்காய சூப் என்று நம்பி வாங்கினால் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கும்.

மூன்றாம்தட்டு எழுதியது:

நாள் சிக்கலுக்கு ஒரு வழி தோன்றுகிறது. நீங்கள் இறங்குவது ஷார்ல் த கோல் விமான நிலையம் என்றால், அதற்குள்ளேயே டிஜிவி என்ற அதிவேக ரயிலின் நிலையம் இருக்கிறது, லியோனுக்கு நேராக இரண்டு மணி நேரத்தில் போகும் ரயில்கள் உண்டு. புதன்கிழமை பாரிஸுக்குள் நுழையாமல் லியோன் போய்விடுங்கள், வியாழன் மதியம் விருந்து. சனிக்கிழமை பாரிஸ் வந்தால், அங்கிருந்து ஸ்பெயின் எல்லையில் இருக்கும் ஆந்தாய் வரை நேர் ரயில், ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும், ஆந்தாயில் இறங்கிச் சின்ன ரயிலில் சான் செபாஸ்டியன். லியோனிலிருந்து நேராகச் சான் செபாஸ்டியன் போவதைவிட இதுதான் சுலபம்.

பாரிஸில் ஞாயிறு, திங்கள் பல கடைகள் மூடியிருக்கும். பூய்யோன் ஷார்த்தியே எல்லா நாளும் உண்டு. 1896இல் தொழிலாளர்களுக்காகத் திறந்த பெரிய கூடம். சர்வர் நாம் கேட்டதை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதி, கடைசியில் அதிலேயே கூட்டிப் போடுவார். புக்கிங் இல்லை, வரிசைதான், வேகமாக நகரும். சாப்பாடு அபாரம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கூடத்துக்காகப் போகலாம்.

நடைவண்டி எழுதியது:

ஷார்ல் த கோல்தான், காலை எட்டரைக்கு இறங்குகிறோம். லியோனுக்கு மதிய ரயிலில் இடம் பிடித்துவிட்டேன், பாரிஸ் அறையையும் சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. பிராசியேவுக்கு வியாழன் மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டு பேர் என்று கேட்டு, மனைவி சாப்பிடாதவற்றை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன், எலும்புச் சாறு உட்பட. கார்டு எண் கேட்டிருக்கிறார்கள். வராமல் போனால் பணம் பிடிப்பார்களாம், சரி என்று கொடுத்துவிட்டேன்.

அக்கா, கோட் போட வேண்டுமா?

ரோன்கரை எழுதியது:

டை தேவையில்லை, இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல ஷூவும் போதும். அக்டோபரில் ஆற்றுக் காற்று குளிரும், கோட் எப்படியும் வேண்டும். வியாழன் காலையில் பெரிதாக எதுவும் சாப்பிட்டுவிடாதீர்கள், ரூ ருவாயாலுக்கு ரோன் கரையோடே நடந்து வாருங்கள். மனைவிக்கு என்ன செய்து கொடுத்தார்கள் என்று மட்டும் வந்து இங்கே எழுதுங்கள்.