கலைச்சொல் தேவை: பாத்திகளைக் குலுக்கிப் பார்க்கும் சோதனை

'ரேண்டமைசேஷன் டெஸ்ட்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்; திங்கட்கிழமைக்குள் வகுப்புக் குறிப்பு ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டும். மல்லிகைத் தோட்டத்தில் 12 பாத்தி. சீட்டுக் குலுக்கி ஆறுக்கு ஓர் உரம், மற்ற ஆறுக்கு வேறு உரம். ஒரு பாத்தி மட்டும் தாறுமாறாகப் பூத்தால் சராசரி ஏமாற்றிவிடும். அதனால் இரு தரப்பின் இடைநிலை அளவுகளை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவு) ஒப்பிடுகிறோம். உரத்தால் எந்த வேறுபாடும் இல்லையென்றால், எந்த ஆறு பாத்திக்கு எந்த உரத்தின் பெயர் விழுந்திருந்தாலும் பூ அதேதான். அப்படிப் பிரிக்க 924 வழி. அவற்றில் எத்தனையில் நமக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் வருகிறது என்று எண்ணுவதுதான் ரேண்டமைசேஷன் டெஸ்ட். 'சமவாய்ப்புச் சோதனை' ஆகாது; நாணயம் சுண்டுவதையே பத்தாம் வகுப்புப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.
— ஒத்தக்கடை, வேளாண் புள்ளியியல்

குடவோலைச் சோதனை! உத்திரமேரூர்க் கல்வெட்டு வரைக்கும் போகவேண்டாம். கயிறு கட்டிய குழிசியிலிருந்து (பானையிலிருந்து) ஓலை எடுப்பது அகநானூறு 77-லேயே இருக்கிறது. குலுக்கல்தான் வேண்டுமென்றால் குலுங்கு–குலுக்கு, கலங்கு–கலக்கு என்ற தன்வினை பிறவினை வரிசையைப் பாருங்கள். கலைத்தலும் இதே குடும்பம் என்பது என் கட்சி. கலைச்சொல்லில் உள்ள கலையும் அதுதானா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.
— திருமங்கலம், தமிழாசிரியர் (ஓய்வு)

ஐயா, குடவோலை என்றால் பிள்ளைகள் எலெக்‌ஷன் என்று நினைத்துக்கொள்வார்கள். சீட்டுக்கட்டைக் கலைக்காத ஆள் உண்டா? 'கலைத்துப்போடும் சோதனை' என்று வையுங்கள்.
— மேலூர்

சொல் இருக்கட்டும், பொருள் இரண்டாக நிற்கிறது. மாட்டுத்தாவணியில் முகூர்த்த நாள் பூ விலையையும் மற்ற நாள் விலையையும் இதே கணக்கால் ஒப்பிடலாம். ஆனால் முகூர்த்தத்தை யாரும் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை, பஞ்சாங்கம் குறித்தது. போதாததற்கு நேற்றைய விலை இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு வரும். இஷ்டத்துக்கு நாட்களை இடம் மாற்றுவதே சரியா என்று முதலில் பார்க்கவேண்டும். அப்படிக் குலுக்காத தரவை இடம் மாற்றிப் பார்ப்பது பெர்முடேஷன் டெஸ்ட், 'வரிசைமாற்றச் சோதனை' எனலாம். உங்கள் பாத்திகளில் நிஜமாகவே குலுக்கல் நடந்தது. உரம்தான் காரணம் என்று சொல்லும் துணிச்சல் அந்தக் குலுக்கலால் வருகிறது. ஆகவே 'குலுக்கல் சோதனை'யை அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
— உசிலம்பட்டி

சரி, பாத்திக்குக் 'குலுக்கல் சோதனை' என்று போட்டுவிட்டேன். பூ விலைக் கணக்கை இந்தப் பருவத்தில் எடுக்கப்போவதில்லை.
— ஒத்தக்கடை

குலுக்கல் என்றால் ஜவுளிக்கடைத் தீபாவளிப் பரிசுதான் நினைவுக்கு வரும். என் மறுப்பு நிற்கிறது.
— திருமங்கலம்