புதுப்பிப்பு: அம்மாவின் காய்ச்சல் விட்டுவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே தோட்டத்து வீட்டில் இருக்கும் என் 71 வயது அம்மாவுக்கு 39 பாகைக் காய்ச்சல் கண்டிருப்பதாகவும், மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்த அனைவருக்கும் நன்றி.

மறுநாள் காலையிலேயே கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்ததில் இன்ஃபுளுவென்சா ஏ என்னும் வைரஸ் காய்ச்சல் என்று தெரிந்தது; டெங்கி இல்லை என்பதையும் இரத்தம் எடுத்து உறுதிசெய்தார்கள். காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் ஒசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து நன்கு பயன்தரும் என்பதால், மருத்துவர் உடனே 75 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு இருவேளை வீதம் 5 நாளுக்குக் கொடுத்தார். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை அல்ல என்பதை அம்மாவிடமே பொறுமையாக விளக்கினார்.

மூன்றாம் நாள் இரவுதான் எனக்குப் பெரும் அச்சமாக இருந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, இருமலுக்கு நடுவே கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விழுங்கிய அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடியும்போது புடவை நனைய வியர்த்து, காய்ச்சல் விட்டிருந்தது.

இன்ஃபுளுவென்சா வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பாதுகாப்புக் கிடைக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும். நானும் தம்பியும் நேற்றே போட்டுக்கொண்டோம். அம்மா முழுமையாகத் தேறியதும் அவருக்கும் போடுவோம்.