ரோஜா இலைகளை இரவோடு இரவாகத் தின்னும் வண்டுகள்: மருந்து தெளித்தும் பயனில்லை

கேள்வி (பேரூர்த் தோட்டம்)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூருக்கு மேற்கே, எங்கள் வீட்டின் முன்புறத்தில் 22 ரோஜாச் செடிகள் உள்ளன. அவற்றில் பாதி தரையிலும் மீதி தொட்டிகளிலும் வளர்கின்றன. பன்னீர் ரோஜா ஐந்தைத் தவிர மற்றவை யாவும் ஒட்டுச் செடிகள். சித்திரைக் கடைசியில் பெய்த கோடை மழைக்கு மறுநாள் காலையில் பார்த்தபோது, முந்தைய மாலை வரை முழுமையாக இருந்த கொழுந்திலைகள் சல்லடையாகிக் கிடந்தன. சில இலைகளில் நடு நரம்பு மட்டுமே எஞ்சியிருந்தது. செடியில் ஒரு பூச்சியைக் கூடக் காண முடியவில்லை. பூச்சிமருந்துக் கடையில் கொடுத்த மருந்தைக் காலை வேளையில் இரண்டு முறை தெளித்தும் சேதம் குறையவில்லை. மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்குக் கைவிளக்குடன் சென்றபோதுதான் பழுப்பு நிற வண்டுகள் இலைகளில் கொத்தாகத் தொங்குவதைக் கண்டேன். பகலில் பூக்களுக்குள் சிவப்பும் கருப்புமான வேறொரு வண்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே பூச்சியின் ஆணும் பெண்ணுமா? பூக்களைப் பூசைக்குப் பயன்படுத்துவதால் கடுமையான நஞ்சைத் தவிர்க்க விரும்புகிறேன். அயல்நாட்டுக் காணொளி ஒன்றில் காட்டிய, வாசனையால் வண்டுகளை இழுத்துப் பிடிக்கும் மணப்பொறிப் பையை வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (ஓசூர் மலர்ப்பண்ணை)

வணக்கம் அம்மா. நீங்கள் இரவில் பார்த்த பழுப்பு வண்டு, நிலக்கடலையிலும் கரும்பிலும் வேரைத் தின்று விவசாயிகளை வாட்டும் வெள்ளை வேர்ப்புழுவின் தாய்ப்பூச்சி. முதல் நல்ல மழை மண்ணை நனைக்கும் வரை அது நிலத்துக்குள்ளேயே காத்திருந்து, ஈரம் இறங்கியதும் அந்தி மங்கும் வேளையில், ஏறத்தாழ ஏழு மணிக்கு மேல், கூட்டமாக வெளியேறும். வேம்பு, முருங்கை, இலந்தை போன்ற மரங்களில் ஏறி இரவெல்லாம் இலையைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் மீண்டும் மண்ணுக்குள் புகுந்துவிடும். நீங்கள் காலையில் மருந்து தெளித்தபோது அது உங்கள் காலடி மண்ணில் உறங்கிக்கொண்டிருந்திருக்கும். ஆகவே மருந்தைக் குறை சொல்வதற்கு முன் நேரத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

வீட்டுத் தோட்டத்துக்குக் கையால் பொறுக்குவதை மிஞ்சிய வழி எதையும் நான் இதுவரை கண்டதில்லை. மழைக்குப் பிந்திய இரண்டு மூன்று வாரங்கள், இரவு ஏழரை முதல் ஒன்பது மணி வரை, செடியின் கீழே பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்குங்கள். விழும் வண்டுகளைச் சோப்புத் தண்ணீர் உள்ள வாளியில் போட்டுவிடுங்கள். ரோஜாவை மட்டும் உலுக்கினால் போதாது. அருகில் முருங்கையோ வேம்போ இருந்தால் அதன் தாழ்ந்த கிளைகளையும் உலுக்க வேண்டும், ஏனெனில் வண்டுகள் கூடுவதும் இணைசேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். முட்டையிடுவதற்கு முன் பிடிபடும் ஒவ்வொரு பெண் வண்டும் ஆடி, ஆவணி மாதங்களில் உங்கள் தொட்டிக்குள் இருக்கப்போகும் புழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

வாசல் விளக்கு ரோஜாப் பாத்தியை ஒட்டி இருந்தால் அந்த வாரங்களில் அதை அணைத்து வையுங்கள், வெளிச்சம் அவற்றை இழுக்கும். இதையே நமக்குச் சாதகமாக்கி, செடிகளிலிருந்து தள்ளி ஒரு விளக்கைக் கட்டி, அதன் கீழே அகன்ற பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வைத்தால் அதுவே விளக்குப்பொறி.

வேப்பெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டு வேப்பமரத்தின் இலையையே விரும்பித் தின்பதால், அதன் கசப்புக்கு அஞ்சி ஓடிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். கொட்டையைக் கொண்டு செய்யும் கரைசல் இலையைவிட வீரியமானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்பு சேர்த்து மாலையில் தெளித்தால் தின்னும் வேகம் ஓரளவு குறையும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மறுமொழி 2 (பூச்சியியல் மாணவன்)

பகலில் பூவில் காணும் சிவப்பு வண்டு வேறு இனம். பழுப்பு வண்டுக்கு அது இணையன்று. அது மகரந்தத்தையும் இதழ்களையும் தின்னும், இலையை ஏறிட்டும் பார்க்காது. காலை இளவெயிலில் மந்தமாக இருக்கும்போது பூவோடு சேர்த்து வாளிக்குள் தட்டிவிட்டால் போதும். அதன் புழுக்கள் மட்கும் எருவில் வளர்கின்றன. எனவே உங்கள் எருக்குழியைச் சோதித்துப் பாருங்கள்.

குழியில் வெள்ளைப் புழு கண்டால் உடனே அஞ்ச வேண்டாம். ஒன்றை எடுத்துச் சமமான தரையில் விடுங்கள். முதுகைத் தரையில் அழுத்தி, கால்கள் வானத்தைப் பார்க்க மல்லாந்து ஊர்ந்தால் அது பூவண்டின் புழு. அப்படி ஊராமல், பிறை வடிவில் சுருண்டு ஒருக்களித்துக் கிடந்தால் வேர்ப்புழுவாக இருக்கலாம். கட்டைவிரல் பருமனுக்கு இருந்தால் பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழுதான். அது ரோஜாவை ஒன்றும் செய்யாது, ஆனால் வளர்ந்து பறந்தால் தென்னையின் குருத்தைத் துளைக்கும் என்பதால் உங்கள் பகுதியில் அதையும் விட்டுவைக்கக் கூடாது.

இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் வட்ட வட்டமாக இருந்தால் அது வண்டின் வேலையே அன்று, இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்காக நறுக்கிச் சென்றது. செடிக்கு அதனால் கேடில்லை.

மணப்பொறிப் பை குறித்து: அந்தக் காணொளிகள் பெரும்பாலும் ஜப்பானிய வண்டைப் பற்றியவை. அது அமெரிக்காவில் 1916இல் நியூஜெர்சியின் ரிவர்ட்டன் என்னும் ஊரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. உங்கள் தோட்டத்தில் இருப்பது அதுவன்று. அங்கேயும் அந்தப் பை தான் பிடிப்பதைவிட மிகுதியான வண்டுகளைத் தோட்டத்துக்குள் வரவழைத்துவிடுகிறது என்பதால், சிறு தோட்டங்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மறுமொழி 3 (திண்டுக்கல் விவசாயி)

எல்லோரும் வண்டைப் பேசுகிறார்கள். நான் மண்ணைப் பேசுகிறேன். முற்றாக மட்காத சாணத்தை வாங்கிச் செடியடியில் கொட்டுவதுதான் இந்தத் தொல்லையின் பாதிக் காரணம் என்பது என் அனுபவம். எருவைப் பயன்படுத்துவதற்கு முன் வெயிலில் பரப்பிக் கிளறிவிடுங்கள், மைனாவும் காக்கையும் உங்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்யும்.

தொட்டிச் செடி திடீரென வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். அதற்கு, புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணத்தை நன்கு மட்கிய எருவுடன் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் கலந்து, ஈரமான மண்ணில் இடுங்கள். அது உயிருள்ள பொருள் என்பதால் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். கரும்புள்ளி நோய்க்காகப் பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றிவிட்டு இதையும் இட்டால், அது இந்தப் பூஞ்சாணத்தையும் கொன்றுவிடக்கூடும், இட்டது வீண். புழுவுக்குள் புகுந்து கொல்லும் நூற்புழுவும் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு வகை 1992இல் உங்கள் கோயம்புத்தூரிலிருந்தே அறிவியல் உலகுக்கு அறிமுகமானது என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம்.

பழைய பழக்கத்தில் யாராவது போரேட் என்னும் நச்சுப் பூச்சிமருந்துக் குருணையைப் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். 2020ஆம் ஆண்டு இறுதியோடு நாட்டில் அதற்கு முழுத் தடை வந்துவிட்டது. குழந்தைகள் விளையாடும் வாசலில் அது ஒருபோதும் இருந்திருக்கக் கூடாத பொருள். இமிடாகுளோப்ரிட் என்னும் பூச்சிமருந்தை வேரில் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அது செடி முழுவதும் பரவி மகரந்தம் வரை செல்வதால், பூவுக்கு வரும் தேனீக்களை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில் (பேரூர்த் தோட்டம்)

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பிறகுதான் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு முருங்கை நிற்பதை எண்ணிப் பார்த்தேன். அவர்களிடம் அனுமதி பெற்று, ஏணி வைத்து உலுக்கியதில் முதல் இரவில் 140 வண்டுகளுக்கு மேல் விழுந்தன. எங்கள் ரோஜாக்களில் கிடைத்தவை 31 மட்டுமே. எட்டாம் இரவில் இரண்டையும் சேர்த்து 20ஐத் தாண்டவில்லை. வாசல் விளக்கையும் அணைத்து வைக்கிறோம். எருக்குழியில் எடுத்த புழுக்கள் பெரும்பாலும் மல்லாந்து ஊர்ந்தன, பார்த்த என் மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். தின்னப்பட்ட கிளைகளை இப்போதே கவாத்து செய்துவிடலாமா?

மறுமொழி (ஓசூர் மலர்ப்பண்ணை)

இப்போது வேண்டாம். கவாத்து செய்தால் புதுக் கொழுந்து ஒரே நேரத்தில் வெடிக்கும், எஞ்சிய வண்டுகளுக்கு அது விருந்தாகிவிடும். தொடர்ந்து நான்கைந்து இரவுகள் வாளி வெறுமையாக இருந்த பிறகு, காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டி, தொட்டி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு இட்டு மண்ணைக் கொத்திவிடுங்கள். அடுத்த பெருமழை பெய்த அன்று மாலை மீண்டும் கைவிளக்கோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் எல்லா வண்டுகளும் முதல் மழைக்கே எழுந்துவிடுவதில்லை.